வீட்டில் சாது; ஏரியில்...?

இந்த வாரம் மீனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "நாங்கள் சைவம்; எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். மீன் சமைக்கிற வீடு, சமைக்காத வீடு என்ற பேதம் இந்த விஷயத்தில் கிடையாது. அடுக்களைக்குள் மீனே நுழையாத வீட்டிலும் கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கக் கூடும் அல்லவா? நான் சொல்லப் போகும் மீன் அடுக்களை வழியாக வருவதில்லை. கூடத்தின் வழியாகத்தான் வருகிறது!

குழந்தையின் தொல்லை தாங்காமல் ஒருநாள் வண்ண மீன் கடைக்குப் போகிறீர்கள். சென்னையானால் கொளத்தூருக்கு, அங்கே தெருத் தெருவாக மீன் கடைகள்தாம். குழந்தை கை காட்டியதெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் ஏறிவிடுகிறது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் சமயத்தில் கடைக்காரர், "அம்மா, இதையும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். டேங்க் கிளீனர். கண்ணாடியில் படிகிற பாசியையெல்லாம் இதுவே தின்றுவிடும். உங்களுக்குத் தேய்க்கிற வேலை மிச்சம்" என்கிறார்.

பார்க்கிறீர்கள். விரல் நீளம்கூட இல்லை. கண்ணாடியில் வாயை ஒட்டவைத்துக்கொண்டு, கறுப்பாக, பரம சாதுவாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில், சம்பளம் கேட்காமல், லீவு போடாமல் வேலை செய்ய ஒரு ஜீவன் வருகிறதென்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

வந்த புதிதில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால், அது தின்னத் தின்ன வளர்கிறது. இடமும் தீனியும் தாராளமாகக் கிடைத்தால் ஓர் அடியை எட்டிப் பிடிக்கும். ஒன்றரை அடியும் போகும். வளர்ந்த பிறகு பாசியில் அதற்கு அவ்வளவு சிரத்தை இல்லை. மற்ற மீன்களுக்குப் போடும் தீனியில் பங்குக்கு வருகிறது. அது கழிக்கும் கழிவோ, அது சுத்தம் செய்த அழுக்கைவிட அதிகம்! ஆள் வைத்துப் பெருக்கச் சொன்னால், பெருக்க வந்தவர் வாசல் வரை குப்பை கொட்டிய கதைதான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மந்திராலோசனை நடக்கிறது.

"இனிமேல் இந்தத் தொட்டியில் இது கொள்ளாது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்கிறாள் மனைவி.

"கொன்றுவிடாதே அம்மா, பாவம்!" என்று குழந்தை கண் கலங்குகிறது.

"ஒரு ஜீவனைக் கொன்ற பாவம் நமக்கு எதற்கு? ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லு. எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்கிறாள் பாட்டி.

பாட்டி சொல்வதில் ஏதாவது தப்புத் தெரிகிறதா? கிடையாது. கருணை உள்ளவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அன்று சாயந்திரம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் அந்த மீன் ஏரிக்கரைக்குப் பயணமாகிறது. வாளியைக் கவிழ்க்கிறார்கள். குழந்தை கையை ஆட்டி விடை கொடுக்கிறது. வீட்டாரைப் பொறுத்தவரையில் கதை சுபமாக முடிந்துவிட்டது. ஏரியைப் பொறுத்தவரையிலோ, அப்போதுதான் ஆரம்பமாகிறது!

* * *

ஏரிகளிலும் அணைகளிலும் மீன் பிடிக்கிறவர்கள் மாலையில் பரிசலில் போய் வலையைக் கட்டிவிட்டு வருவார்கள். விடியற்காலையில் போய் இழுப்பார்கள். கட்லாவும் ரோகுவும் கெண்டையும் வர வேண்டிய வலையில், ஒருநாள் இதுவரை கண்டிராத ஒன்று வந்து சிக்குகிறது. உடம்பெல்லாம் கரடுமுரடு; தொட்டால் கை கீறுகிறது; வயிற்றுப் பக்கத்தில் வாய். "இது என்ன மீனப்பா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பாட்டன் காலத்திலிருந்து அந்த ஏரியில் வலை வீசும் குடும்பத்தில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமில்லை. அதன் பிறந்தகம் தென் அமெரிக்காவில், அமேஸான் நதிக்கரையில் அல்லவா இருக்கிறது!

கெளுத்தி இனத்திலேயே கவசம் அணிந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது இந்த மீன். "டெரிகோப்ளிக்திஸ்" என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர். சொல்லிப் பார்த்துப் பல்லை உடைத்துக்கொள்ள வேண்டாம். துடுப்பு, ஆயுதம், மீன் என்ற மூன்று கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர் அது. கடைகளில் டேங்க் கிளீனர், சக்கர், ப்ளெக்கோ என்று பல பெயர்களில் விற்கிறார்கள்.

இதை அடையாளம் கண்டுகொள்வது எப்படி? சந்தையில் மீன் வாங்கிப் பழகிய சகோதரிகளுக்கு இது சிரமமே இல்லை. கத்தரிக்காயில் சொத்தை கண்டுபிடிக்கிறவர்களுக்கு இது எம்மாத்திரம்? ஐந்து அடையாளங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வாய். மற்ற மீன்களுக்கு வாய் முகத்தின் முனையில் இருக்கும். இதற்கு முகத்தின் அடிப்பக்கத்தில், வட்டமாக, ரப்பர் மூடியைப் போல் இருக்கும். அதை வைத்துத்தான் கண்ணாடியையும் கல்லையும் பற்றிக்கொள்கிறது. உதட்டோரத்தில் இரண்டு குட்டி மீசைகள். நம் கெளுத்தியின் நீண்ட மீசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, உடம்பு. கெண்டையைப் போல் செதிலும் கிடையாது. கெளுத்தியைப் போல் வழவழப்பான தோலும் கிடையாது. எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவினால் தேங்காய்த் துருவியில் கை வைத்த மாதிரிதான்.

மூன்றாவது, முதுகுத் துடுப்பு. விரித்தால் பாய்மரம் போல் எழுந்து நிற்கும். குடைக் கம்பிகளைப் போல் அதில் ஓடும் கதிர்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள முள்ளை விட்டுவிட்டுப் பத்துக்குக் குறையாமல் இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு பல மீன்களுக்கு ஏழோ எட்டோதான். விஞ்ஞானிகள் முதலில் எண்ணிப் பார்ப்பதும் இதைத்தான்.

நான்காவது, வயிறு. வெளிர் நிறத்தில் கரும்புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் ஒரு வகை. புள்ளிகள் ஒன்றோடொன்று கூடிப் புழு ஊர்ந்தாற்போல் கோலமிட்டிருந்தால் இன்னொரு வகை. வந்த இடத்தில் இரண்டு வகையும் கலந்து பிள்ளை குட்டி பெற்றுவிடுவதால், இது இன்ன வகைதான் என்று அறுதியிட்டுச் சொல்ல நிபுணர்களே தயங்குவதுண்டு.

ஐந்தாவது, கண். நல்ல வெளிச்சத்தில் கருவிழியின் மேல் ஒரு மடல் இறங்கிப் பாதியை மறைத்துக்கொள்ளும். இருட்டினால் மடல் சுருங்கிக் கண் திறந்துகொள்ளும். ராத்திரியில் நடமாடும் ஜீவன் அல்லவா? அதற்கு ஏற்ற ஜன்னல் திரை!

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மலை ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சொந்தச் சிறு மீன்களும் இருக்கின்றன. வாய் கீழே இருக்கிறது என்பதற்காக அவற்றைப் பிடித்துத் தண்டித்துவிடக் கூடாது. அவற்றுக்குக் கவசம் கிடையாது. கவசம் இருந்தால்தான் அந்நியன்.

* * *

சரி, ஏரியில் இத்தனை மீன் இருக்கிறதே, இன்னும் ஒன்று வந்தால் குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம்.

கோடையில் ஏரி வற்றிச் சேறும் சகதியுமாகும்போது மற்ற மீன்கள் மூச்சுத் திணறிச் செத்து மிதக்கும். இது சாவதில்லை. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுப் போகிறது. அந்தக் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ள அதன் வயிறே நுரையீரலாக வேலை செய்கிறது. தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்டாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாக்கடை கலந்த நீர் அதற்கு ஒரு பொருட்டல்ல. பாசி, மக்கிய இலை, அடிச்சேறு எது கிடைத்தாலும் போதும். அவற்றைச் சுரண்டும்போது மற்ற மீன்கள் இட்டு வைத்த முட்டைகளும் சேர்ந்து உள்ளே போய்விடுகின்றன.

குடும்பம் நடத்தும் விதமும் தனி. ஆண் மீன் கரை மண்ணைக் குடைந்து நீளமாக ஒரு வளை தோண்டுகிறது. பெண் அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இடுகிறது; பெரிய மீனானால் ஆயிரக்கணக்கில். தகப்பன் காவல் இருந்து குஞ்சு பொரிக்கிற வரையில் வாசலை விட்டு நகருவதில்லை. தகப்பன்மார்களுக்கு உதாரணமாகச் சொல்லலாம்தான்! ஆனால் இப்படி வரிசையாக வளை விழுந்தால் ஏரிக்கரை என்னவாகும்? அமெரிக்காவின் பிளாரிடாவிலும் டெக்ஸாஸிலும் கரைகள் அரித்துச் சரிந்ததைக் கண்டிருக்கிறார்கள். வயிற்றைக் கட்டி மண்ணைச் சுமந்து நம் முன்னோர்கள் போட்ட கரைகளை இந்த நிலையில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாராவது இதைப் பிடித்துத் தின்றுவிட மாட்டார்களா? அதுவும் சுலபமில்லை. ஆபத்து என்றால் மார்புப் பக்கத்து முட்களை விறைப்பாக விரித்துக்கொண்டுவிடும். கரீபியன் தீவுகளில் ஒன்றான போர்ட்டோ ரிக்கோவில், இந்த மீனை விழுங்கப் பார்த்த கூழைக்கடாக்கள் தொண்டையில் சிக்கி மாண்டதை 1990-களில் பதிவு செய்திருக்கிறார்கள். கூழைக்கடாக்கள் நம் வேடந்தாங்கலுக்கும் கூந்தன்குளத்துக்கும்கூட வருகின்றன.

"அது யாரோ ஊர்க் கதை" என்று ஒதுக்குவதற்கும் இல்லை. நமக்கு மிகவும் அருகில், இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் மகாவலி கங்கையின் குறுக்கே 1976-இல் கட்டி முடித்த பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இந்த மீன் நன்றாகக் குடியேறிவிட்டது. அங்கேயும் யாரும் அதை அழைத்து வந்து நீர்த்தேக்கத்தில் வளர்க்கத் திட்டமிடவில்லை. கண்ணாடித் தொட்டிக்காகத் தருவித்ததுதான். 2020-இல் காசியில், கங்கையில் வலை போட்டவர்கள் கையிலும் இது சிக்கியது. கொல்கத்தாவின் கிழக்கே, நகரத்துக் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கும் புகழ்பெற்ற சதுப்பு நிலங்களிலும் இது பரவியிருக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்து விஞ்ஞானிகள் இன்னொரு வேலை செய்தார்கள். மீனைத் தேடி வலை வீசவில்லை; ஏரித் தண்ணீரை மொண்டு சோதித்தார்கள்! எந்த மீனும் தான் வாழும் தண்ணீரில் தன் உடம்பின் நுண்ணிய சுவடுகளை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் உள்ள மரபுப் பொருளைப் படித்தால், கண்ணால் காணாத மீனையும் இன்னதென்று சொல்லிவிடலாம். தாளித்த வாசனையை வைத்தே பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று கண்டுபிடித்துவிடுவோமே, அந்த மாதிரி! 2020-களில் அவர்கள் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் சோதித்த நீர்நிலைகளில் நூற்றுக்கு 60-இல் இந்த மீனின் சுவடு இருந்தது.

இதன் உச்சம் எப்படி இருக்கும் என்பதற்கு மெக்ஸிகோவில் ஓர் அணை சாட்சி. 1960-களில் கட்டிய அந்த அணையின் பெயர் இன்பியர்னீயோ. ஸ்பானிஷ் மொழியில் "குட்டி நரகம்" என்று அர்த்தம். பெயர் அப்படியே ஒழிய, அதன் நீர்த்தேக்கம் மீனவர்களுக்குச் சொர்க்கமாகவே இருந்தது. திலாப்பியா மீன் மலைபோல் குவிந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தக் கவச மீன் அங்கே பெருகிற்று. வலையை இழுத்தால் திலாப்பியாவுக்குப் பதில் பெரும்பாலும் இதுவே வந்தது. முட்கள் வலைக் கண்களில் மாட்டிக்கொள்ளும். பிய்த்து எடுத்தால் வலை கிழியும். பொறுமையாக எடுத்தால் பொழுது போய்விடும். எடுத்த மீனை வாங்குவாரில்லை. அந்த ஜனங்கள் இதற்கு "பிசாசு மீன்" என்று பெயர் வைத்ததில் என்ன தவறு?

நம் ஊர்க் கணக்கில் இதை யோசித்துப் பாருங்கள். ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் புருஷன் வலையை இழுத்தால், மனைவிதான் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தெருவுக்கு வருகிறாள். "கெண்டை இருக்கா?", "விரால் இருக்கா?" என்று நாம் வாசலில் நின்று பேரம் பேசுவது அவளிடந்தான். கூடையில் பாதி விலை போகாத மீனாகவும், வீட்டில் வலை கிழிசலாகவும் இருந்தால் அன்று சாயந்திரம் அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! நம் வீட்டுக் குழந்தையின் கண்ணீரைத் துடைக்க நாம் செய்த தர்மம், இன்னொரு வீட்டுக் குழந்தையின் சோற்றுத் தட்டில் போய்க் கை வைக்கிறது.

* * *

வெளியூர் மீன் நம் அணைகளுக்கு வருவது இது முதல் தடவையல்ல. ஜிலேபிக் கெண்டை என்று நாம் செல்லமாகச் சொல்கிறோமே, அதற்குப் பூர்விகம் ஆப்பிரிக்கா. திலாப்பியா என்ற பெயரோடு 1952-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழைக்கு மலிவாகப் புரதச் சத்து கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணந்தான் காரணம். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் இனம் அது. அப்படிப்பட்ட அம்மா இருக்கும்போது பிள்ளைகள் பிழைக்காமல் போகுமா? சில வருஷங்களிலேயே நிலைமை புரிந்து, 1959-இல் அதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தார்கள். தடை வந்தது, மீன் நிற்கவில்லை. அமராவதி, வைகை, கிருஷ்ணகிரி அணைகளில் அது ஆதிக்கம் செலுத்தியது சரித்திரம்.

ஆனாலும் ஜிலேபிக் கெண்டையில் ஓர் ஆறுதல் உண்டு: குழம்புக்கு ஆகும், சந்தையில் விலை போகும். இந்தக் கவச மீனுக்கு நம் ஊரில் அந்த மரியாதையும் இல்லை.

"நம் ஊரில்" என்று சொன்னேன். அமேஸான் கரையில் கதையே வேறு. பிரேஸில் நாட்டு மனாவுஸ் நகரத்தில் இந்தக் குடும்பத்து மீனை "போடோ" என்கிறார்கள். ஓட்டோடு சுட்டும், கொதிக்க வைத்துக் குழம்பாக்கியும் ருசித்துச் சாப்பிடுகிறார்கள். இதன் சதையை உலர்த்தி வறுத்து மாவாக்கி, "பிராகுயி" என்ற பெயரில் வைத்துக்கொண்டு உருண்டை பிடித்துப் பொரிக்கிறார்கள். நம் வீட்டில் கருவாட்டுப் பொடி இருக்கிற மாதிரி அங்கே இது! அங்கே இதைத் தின்னப் பெரிய மீன்களும் முதலைகளும் இருக்கின்றன. ஆற்றுக்கும் இதற்கும் கணக்கு நேராகிவிடுகிறது. பிறந்த வீட்டில் செல்லப் பெண். வேண்டாத இடத்தில் வாழ்க்கைப்படுத்தியதால் பிசாசுப் பட்டம்! குற்றம் பெண்ணுடையதா, கொண்டுவந்து தள்ளியவர்களுடையதா?

"அப்படியானால் நாமும் சமைத்துத் தின்றே தீர்த்துவிடலாமே!" என்று சிலருக்கு யோசனை தோன்றலாம். சுத்தமான ஆற்று மீனுக்கு அது சரி. நகரத்துச் சாக்கடை கலக்கும் ஏரியின் அடிச்சேற்றைத் தின்று வளர்ந்த மீனை அடுப்பில் ஏற்றுவது உசிதமல்ல. சேற்றில் உள்ள ஈயம் முதலான நஞ்சுகள் மீனின் உடம்பில் சேரக் கூடியவை.

பிடிக்கிற வழியையும் சொல்லிவிடுகிறேன். தூண்டிலில் புழுவைக் கோத்துக்கொண்டு காத்திருந்தால் இது பெரும்பாலும் ஏமாற்றிவிடும். பாசி தின்னிக்குப் புழு எதற்கு? வலையில்தான் சிக்கும். தண்ணீர் வற்றும் கோடையில் கரையோரச் சேற்றிலும் வளைகளிலும் கையிலேயே அகப்படும். வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. தடித்த துணியாவது சாக்காவது வேண்டும். சிக்கியதைத் திரும்பவும் தண்ணீரில் எறியக் கூடாது. கரையில் எறிந்துவிட்டு வருவதும் பிரயோஜனமில்லை. துடித்துக் கிடந்து, ஈரம் இருந்தால் நெளிந்து நெளிந்தே தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சேரும். உடனே கொன்று, தண்ணீருக்குத் தூரத்தில் குழி தோண்டிப் புதைப்பதே நல்லது. ஏரியில் முதல் தடவையாகக் கண்டால், முதுகும் வயிறும் தெரிய இரண்டு படம் எடுத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டலாம். வயிற்றுப் பக்கம்தான் முக்கியம். நிபுணர்கள் படிக்கும் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஒரு பெரிய நீர்நிலையில் ஒரு மீன் இனம் பெருகி வேரூன்றிய பிறகு, அதைப் பூண்டோடு ஒழிப்பது அநேகமாக முடியாத காரியம். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கால்வாய்கள் இணைக்கின்றன. தமிழ்நாட்டுக் கிராமத்து ஏரிகளும் அப்படித்தான். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாகக் கீழ் ஏரிக்கு வரும். ஓர் ஏரியில் விட்டது ஓர் ஏரியோடு நிற்காது. ஆகையால் காரியம் வலையில் இல்லை, வாளியில் இருக்கிறது!

எல்லாப் பழியையும் இல்லத்தரசிகளின் தலையில் சுமத்துவதாக எண்ண வேண்டாம். வண்ண மீன் பண்ணைகளிலிருந்து வெள்ளத்தில் தப்பி வருவதும் உண்டு. ஆனாலும் வீட்டு வாளிகளின் கைங்கரியம் சாமானியமல்ல. காஷ்மீரத்து தால் ஏரியில் 2023-இல் துப்புரவு செய்தவர்கள் கையில் முதலை மூஞ்சியுள்ள ஒரு மீன் சிக்கியது. வட அமெரிக்காவைச் சேர்ந்த அது நீந்தியா ஸ்ரீநகருக்கு வந்திருக்கும்? அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தில் பர்ன்ஸ்வில் என்ற ஊரின் ஏரியில், 2021-இல் கால்பந்து அளவுக்குத் தங்க மீன்களைப் பிடித்துக் காட்டி, "தயவு செய்து வீட்டுத் தங்க மீன்களை ஏரியில் விடாதீர்கள்" என்று நகர நிர்வாகம் வேண்டிக்கொண்டது. சாட்சாத் தங்க மீனே அப்படியென்றால் மற்றதைச் சொல்வானேன்?

எனவே, சகோதரிகளே, வீட்டில் இந்த மீன் வளர்ந்து பெரிதாகிவிட்டால் என்ன செய்வது? வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பணம் தராவிட்டாலும் பெரும்பாலான கடைக்காரர்கள் மீனை எடுத்துக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் சிநேகிதர்களுக்குக் கொடுக்கலாம். எதுவுமே முடியாவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, வலியில்லாமல் முடிவு செய்யலாம். கோயில் குளத்தில் விடுவதும் ஏரியில் விடுவதும் ஒன்றுதான். பொரி போடுங்கள், புண்ணியம் உண்டு. மீனைப் போட வேண்டாம். மழைக் காலத்தில் தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும்போதும் குஞ்சு எதுவும் போகாமல் வடிகட்டிக் கொட்டுங்கள்.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை சிலருக்கு இருக்கும். "பாட்டி, நீ சொன்ன ஜீவகாருண்யம் ரொம்பச் சரி. ஆனால் ஏரியிலும் ஆயிரம் ஜீவன் இருக்கிறதே! அயிரையும் கெண்டையும் விராலும் ஜீவன் இல்லையா? அவற்றை நம்பிப் பிழைக்கிற கூடைக்காரம்மாவும் ஜீவன் இல்லையா?" என்று கேளுங்கள். பாட்டிகளுக்கு நியாயம் சட்டென்று புரிந்துவிடும். நமக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான வழி ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை கடைக்காரர், "இதையும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், அம்மா" என்று சொன்னால், சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணாடித் தொட்டியைத் துடைக்க வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பழைய துணி போதும். அந்த வேலைக்கு அமேஸானிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டியதில்லை!